செங்கோணம் சாரின் பொங்கல் பானை

மதுரையில் நேராக நடந்த ஒரே மனிதர் செங்கோணம் சார்தான். நாமெல்லாம் மாடு, வண்டி, சாணி பார்த்து வளைந்து நெளிந்து போகிறவர்கள். அவர் தெருமுனை வரை ஒரே கோடாக நடந்து, நின்று, தொண்ணூறு டிகிரி திரும்பி, மறுபடி நடப்பார். நடுவில் எருமை படுத்திருந்தால் எருமைதான் எழுந்து வழிவிட வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அவர் கணக்கு வாத்தியார். நான் அதே பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பலகையில் வட்டம் போட பள்ளிக்கூடத்துக்கே ஒரு மரக் காம்பஸ்தான் இருந்தது. அது என் பொறுப்பு. வாங்கிப் போனால் திருப்பித் தர மாட்டார். கேட்டால், "ஒங்களுக்கு எதுக்குங்க? நீங்க போடுறது பூசணிக்காதான?" என்பார்.

ஓட்டலில் மடித்த தோசை வந்தால் விரித்து வைக்கச் சொல்லி, வட்டம் சரியா என்று பார்த்த பிறகே சாப்பிடுவார். வகுப்பில் எவன் கோடாவது ஒரு நூல் விலகினால் காது சிவந்துவிடும். "ஒரு நூல் பொய்யும் பொய்தாண்டா!" என்று திருகுவார்.

அப்பேர்ப்பட்டவருக்கு வீட்டில்தான் கணக்கு உதைத்தது. ஆரப்பாளையத்தில் அவருக்கும் இரண்டு தம்பிகளுக்கும் வரிசையாக மூன்று வீடு, முன்னால் ஒரே முற்றம். நடு வீடு இவருடையது, கொஞ்சம் உள்ளடங்கி இருக்கும். அப்பா போன பிறகு பொங்கல் பானையை யார் வாசலில் வைப்பது என்று சண்டை. இரண்டு வருஷம் மூன்று பானை பொங்கியது. மூன்றாம் வருஷம் தம்பிகள் ஆளுக்கொரு வண்டி செங்கல் இறக்கிவிட்டார்கள். தை பிறந்ததும் முற்றத்தில் சுவர் எழும்பும்.

"சுவரு வந்துட்டா தம்பிக மூஞ்சியப் பாக்கக்கூட நான் எக்கி நிக்கணும்ங்க," என்றார் என்னிடம். எனக்குப் பாவமாக இருந்தது. காம்பஸைக் கேட்க வந்தவன் கேட்காமலே திரும்பினேன்.

பொங்கல் லீவுக்கு முந்தின நாள் வகுப்பில் ஒரு போட்டி வைத்தார். பலகையில் தன் வீட்டுப் படத்தையே போட்டார். "மூணு வாசல், ஒரு பானை. மூணு வாசலுக்கும் பானை சம தூரத்துல இருக்கணும். எங்க வைக்கிறது? கண்டுபிடிச்சா ஒரு கட்டுக் கரும்பு!" விடை விழும் இடத்தில்தான் இந்த வருஷம் பானை என்று தம்பிகளிடம் பேச்சு. தான் ஏமாற்றவில்லை என்பதற்குச் சாட்சியாகத் தம்பிகள் இருவரையும் வரவழைத்துக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். மீசை வைத்த இரண்டு பேரும் ஆளுக்கொரு சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

இரண்டு வாசலை ஒரு கோட்டால் சேர்த்து, அதன் நடுவிலிருந்து செங்குத்தாக இன்னொரு கோடு. அடுத்த ஜோடி வாசலுக்கும் அப்படியே. இரண்டு செங்குத்தும் வெட்டும் இடம்தான் பானை. பையன்கள் கோட்டை இழுத்தார்கள். அது முற்றத்தைத் தாண்டியது. எதிரே இருந்த செங்கோணத்தின் தோட்டத்தையும் தாண்டியது.

"சார், பானை வேலிக்கு அங்கிட்டுப் போயிருச்சு!" என்று வகுப்பே கத்தியது.

வேலிக்கு அங்கிட்டு இருந்தது பால்காரர் மாட்டுக்கொட்டம். வேலியைத் தள்ளிப் போட்டார் என்று மூன்று வீட்டாரும் அவரோடு பேச்சை விட்டுப் பல காலம் ஆகிறது.

"அவன் எடத்துலயா?" தம்பிகள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். இரண்டு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அப்போதுதான்.

"கணக்கு சொல்லுதுப்பா, நானா சொல்றேன்?" என்றார் செங்கோணம். கரும்பு வகுப்புக்கே பொதுவாகப் போயிற்று.

அன்று சாயங்காலமே மூவரும் பால்காரர் முன்னால் போய் நின்றார்கள். "வேலியத் தள்ளுனேன்னு வருசம் பூரா வைவீக. இப்பப் பானையத் தூக்கிட்டு வாரீகளாக்கும்?" என்றவர், கொஞ்சம் யோசித்து, "சரி, சாணியக் கூட்டி வைக்கிறேன். வாங்க," என்றார்.

பொங்கலன்று என்னையும் கூப்பிட்டார்கள். பால் எந்தத் திசையில் வழிகிறதோ அந்தப் பக்கத்துக்கு யோகம் என்பதால், தம்பிகள் பானையின் இரண்டு பக்கமும் காவல் நின்றார்கள். பானை இருவரையும் மதிக்காமல் பால்காரர் மாட்டின் பக்கமாக வழிந்தது. மாடு நக்கிப் பார்த்தது. பெரிய தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு சின்னவருக்கும். இறக்கிய செங்கல் கடைசியில் பால்காரர் கொட்டத்துக்குத் தளம் போடப் போயிற்று.

பழக்கதோஷம், நான் நாடாவைப் பிடித்து அளந்து பார்த்தேன். தம்பிகள் வாசலிலிருந்து பானைக்கு எழுபத்தெட்டு அடி. செங்கோணம் வாசலிலிருந்து எண்பத்திரண்டு.

தனியாகக் கூப்பிட்டேன். "சார், பலகையில ஒங்க வாசல நாலடி முன்னால போட்டுட்டீங்க."

"மெதுவாப் பேசுங்க," என்று அக்கம்பக்கம் பார்த்தார். "சரியாப் போட்டா பானை என் தோட்டத்துல விழுதுங்க. அண்ணன் எடத்துக்கு வாங்கடான்னா வருவாய்ங்களா? நான் நாலடி கூட நடக்கணும், அம்புட்டுத்தான?"

ஒரு நூலுக்குக் காதைத் திருகியவர் நாலடிக்குப் பொய் சொல்லிவிட்டு, பிடிபட்ட பையன் மாதிரி நின்றார். எனக்கு அந்த மனுஷனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

லீவு முடிந்த அன்று, வழக்கம்போலத் தொண்ணூறு டிகிரி திரும்பி என் அறைக்குள் வந்து, முதல் தடவையாகக் காம்பஸைத் திருப்பி நீட்டினார்.

"நீங்களே வச்சுக்கங்க சார்," என்றேன்.