ஐந்து வகுப்பும் நான்கு சுவரும்

கல்வி இரண்டு வழிகளில் வளர்கிறது. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது ஒரு வழி. பாடம் நடத்துவதைப் பற்றி உட்கார்ந்து பேசுவது இன்னொரு வழி. முதல் வழியில் தொண்டை கட்டும், சாக்பீஸ் தூள் கண்ணில் விழும், ஒன்றாம் வகுப்பு வந்து சேலைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துவிட்டுப் போகும். இரண்டாம் வழியில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஐஸ்கிரீம் உண்டு. முன்னேறிய சமுதாயம் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. நமது மேலிடமும் அந்த மேலான வழியையே தேர்ந்தெடுத்து, மசினகுடியில் ஒரு ரிசார்ட்டைப் பிடித்து, மூன்று நாள் ‘கல்வித் தலைமைத்துவ உரையாடல்’ நடத்தியது.

அதற்கு அழைக்கப்பட்ட பாக்கியசாலிகளில் ஒருத்தி ராஜகுமாரி டீச்சர். குன்னூர்ப் பக்கம் சாம்பல்பாறை எஸ்டேட்டுக்குள் இருக்கும் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை. தலைமை தாங்குவதற்கு அங்கே வேறு ஆசிரியர் ஒருவரும் கிடையாது. ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லா வகுப்புக்கும் அவளே டீச்சர். மணி அடிப்பதும் அவள்தான், மணி அடித்ததும் உள்ளே ஓடுவதும் அவள்தான்.

பள்ளிக்கு ஒரே அறை. அறைக்கு வழக்கம்போல் நான்கு சுவர். வகுப்போ ஐந்து. இந்த இக்கட்டை ராஜகுமாரி இப்படிச் சமாளித்தாள்: நாலு வகுப்பையும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்காரவைத்தாள். சுவருக்கொரு கரும்பலகை. மிச்சமிருந்த ஐந்தாம் வகுப்பை வாசலைப் பார்த்து உட்காரவைத்தாள். வாசலில் கரும்பலகை மாட்டினால் யாரும் உள்ளே வர முடியாது. ஆகவே ஐந்தாம் வகுப்பு வருடம் முழுவதும் தேயிலையைப் படித்தது, மழையைப் படித்தது, சில நாள் புதருக்குள் வந்து நிற்கும் காட்டெருமையையும் படித்தது.

அந்த ஐந்தாம் வகுப்பில் அனம் என்றொரு பெண். கெட்டிக்காரி. கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த காகிதத்தைக்கூடப் படித்து முடித்துவிட்டுத்தான் பஜ்ஜியைத் தொடுவாள். ஆனால் வகுத்தல் வராது. வராது என்று சொல்வதுகூட அநியாயம். யாரும் அதைச் சொல்லிக்கொடுத்து முடித்ததில்லை. ராஜகுமாரி வகுத்தலை ஆரம்பித்தால் போதும், மேற்குச் சுவரில் ஒன்றாம் வகுப்பு அழும், அதைச் சமாதானம் செய்தால் கிழக்குச் சுவரில் மூன்றாம் வகுப்பு அடித்துக்கொள்ளும். ஜூன் வந்தால் அனம் கீழே டவுனில் இருக்கும் பெரிய பள்ளிக்கு ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டும். போன வருஷம் இப்படி வகுத்தல் இல்லாமல் போனவன் ஸ்டெபின். கணக்கு பீரியடில் தினமும் பெஞ்சின் மேல் நின்றான். இப்போது படிப்பை விட்டுவிட்டு, எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் தங்கச்சிப் பாப்பாவுக்குத் தொட்டில் ஆட்டுகிறான். அந்த வழியாகப் போகும்போது ராஜகுமாரி அந்த வாசலைப் பார்க்க மாட்டாள்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் இன்னொரு டீச்சர். ஆணோ பெண்ணோ, சாக்பீஸ் பிடிக்கத் தெரிந்தால் போதும். எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த முறை மேலிடம் காது கொடுத்துக் கேட்டது. கேட்டு, டீச்சர் வேண்டும் என்றவளையே தலைமைத்துவ உரையாடலுக்கு வரச் சொன்னது.

கல்வி அதிகாரி அருள்ராஜ் போனில் தேனாகப் பேசினார்.

“ஏனுங்க சார், நான் வந்துட்டா பள்ளிக்கூடத்தை யாருங்க பாத்துக்கறது?”

“டீச்சர், இங்கதான் நீங்க தப்புப் பண்றீங்க. பள்ளிக்கூடத்துக்குள்ளயே கெடந்தா பள்ளிக்கூடம் எப்படிங்க முன்னேறும்?”

சத்துணவு சமைக்கும் இசக்கியம்மாவிடம் பள்ளிக்கூடத்தை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டாள். ஒரே ஒரு ஆசைதான். மூன்று நாளும் அருள்ராஜ் அங்கேதான் இருப்பார். மடக்கிப் பிடித்து ஒரு டீச்சரை வாங்காமல் மலை ஏறக்கூடாது.

ரிசார்ட்டில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வட்டத்தில் தலையும் இல்லை, காலும் இல்லை, எல்லாரும் சமம் என்றார் உரையாடல் வழிநடத்துநர் சுரேந்திரன். சென்னையிலிருந்து விமானத்தில் வந்தவர். தாடி, கதர் ஜிப்பா, வெறுங்கால், கையில் சின்ன வெண்கல மணி. யாராவது அதிகம் பேசினால் அந்த மணியை ‘கிண்’ என்று தட்டுவார். அவர் மட்டும் எவ்வளவு பேசினாலும் மணி அடிக்கவே இல்லை. சமத்துவத்தில் அப்படிச் சில நுட்பங்கள் உண்டு.

“இங்கே ‘பிரச்சினை’ங்கிற வார்த்தைக்கு இடமில்லை. ‘வாய்ப்பு’ன்னு சொல்லுங்க. உங்களை அறிமுகப்படுத்திக்கோங்க.”

“என் பேரு ராஜகுமாரிங்க. எங்க பள்ளிக்கூடத்துல டீச்சர் பத்தலைங்க.”

சுரேந்திரன் கண்களை மூடினார். “பத்தலைன்னு சொல்றப்போ, அதை உங்க உடம்புல எங்கே உணர்றீங்க?”

“தொண்டையிலங்க சார்.”

எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஜெய்புன்னிசா மட்டும் தட்டவில்லை. சோலூர்ப் பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியை அவள். வாயில் நாக்கு சும்மா இருக்காது.

“முட்டின்னு சொல்லிருந்தா தைலமாச்சும் தேச்சு விட்டிருப்பாங்கக்கா” என்று காதோடு சொன்னாள்.

ஜெய்புன்னிசாவுக்கு ஒரு செல்வம் இருந்தது. அவள் பள்ளியில் அவளைத் தவிர இன்னொரு ஆசிரியர். தவ்பீக் என்ற இளைஞர். “அந்தத் தம்பி கணக்கு நடத்துனா, மணி அடிச்சாலும் புள்ளைங்க எந்திரிக்காதுங்க. வகுத்தலை மிட்டாய் பங்கு போடற மாதிரி சொல்லித் தருவாரு” என்றாள். ராஜகுமாரிக்கு அப்பட்டமான பொறாமை வந்தது. நகை நட்டைப் பார்த்து வரும் பொறாமையெல்லாம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை.

இரண்டாம் நாள் காலை அனைவரையும் ஜீப்பில் ஏற்றிக் காட்டுக்குள் கொண்டுபோனார்கள். யானையிடமிருந்து தலைமைப் பண்பைக் கற்க வேண்டுமாம். வெகு நேரம் கழித்து ஒரு யானையின் பின்பக்கம் தெரிந்தது.

“பாருங்க! அந்தத் தாய் யானை கூட்டத்தை எங்கே அழைச்சுட்டுப் போகுது?” என்று சுரேந்திரன் பரவசத்தோடு கேட்டார்.

“நம்மகிட்ட இருந்து தப்பிச்சுப் போகுதுங்க சார்” என்றாள் ஜெய்புன்னிசா. வெண்கல மணி அடித்தது.

மதியம் ‘அனுபவப் பகிர்வு’. ராஜகுமாரி இதற்காகத்தான் காத்திருந்தாள். எழுந்து நின்றாள். ஒன்றையும் மறைக்காமல் கொட்டித் தீர்த்தாள். ஒரே அறை, நாலு சுவர், ஐந்து வகுப்பு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். கேட்கிறவர்களுக்கு வெட்கமாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். சொல்லி முடித்தபோது சுரேந்திரன் ஜிப்பாக் கையால் கண்ணைத் துடைத்தார். ஆகா, மனசு கரைந்துவிட்டது, டீச்சர் வந்தாச்சு என்று ராஜகுமாரி மனக்கணக்குப் போட்டாள்.

“என்ன ஒரு வடிவமைப்பு!” என்றார் சுரேந்திரன்.

“வடிவமைப்பு இல்லைங்க சார். ஆள் இல்லைங்க.”

“அதைத்தாங்க சொல்றேன், ஆளே இல்லாம ஒரு வடிவமைப்பு! சரி, அஞ்சாம் வகுப்பு ஏன் வாசலைப் பார்க்குது?”

“சுவரு தீந்து போச்சுங்க.”

“சுவர் தீர்ந்த இடத்தில் உலகம் தொடங்குகிறது!” சுரேந்திரன் அதைச் சார்ட்டில் பெரிதாக எழுதினார். நாற்பது செல்போன்கள் அதைப் படம் பிடித்தன. எழுந்து நின்று முதலில் கைதட்டியவர் அருள்ராஜ். ‘நாற்சுவர் ஒருவாசல் கற்றல் மாதிரி’ என்று அங்கேயே பெயர் சூட்டப்பட்டது.

“சார், அனம்னு ஒரு புள்ளைங்க. அதுக்கு இன்னும் வகுத்தலே...”

“ஒரு அறையையே அஞ்சா வகுத்துட்டீங்களே டீச்சர்! அதுக்கு மேல என்ன வகுத்தல்?”

சிரிப்பும் கைதட்டலும் அடங்கவே நெடுநேரம் ஆயிற்று. அன்று இரவுச் சாப்பாட்டில், கையில் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு நின்ற அருள்ராஜை ராஜகுமாரி மடக்கினாள்.

“சார், அந்த டீச்சர் போஸ்டிங்குங்க...”

அருள்ராஜ் பதறிப்போனார். “என்ன டீச்சர் நீங்க, வெவரம் இல்லாம! இன்னொரு ஆளைப் போட்டா, ‘மாதிரி’ கெட்டுப் போயிருமுங்க. நீங்க ஒத்தை ஆளா இருக்கறதாலதான அது ‘மாதிரி’!”

மூன்றாம் நாள் அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, கண்ணாடிக் கேடயம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். கேடயம் கனத்தது. ஊட்டி பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது ஜெய்புன்னிசா சிரித்தாள். “ஏக்கா, வாயை வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல?”

எஸ்டேட்டுக்குத் திரும்பியதும் அனம் ஓடி வந்தாள். “டீச்சர், புது டீச்சர் வராங்களா?”

“சொல்லியிருக்கேன் கண்ணு” என்றாள் ராஜகுமாரி. கேடயத்தைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

நல்ல விஷயம் எதுவும் நமது நாட்டில் மெதுவாகத்தான் பரவும். இது மட்டும் காட்டுத் தீயாய்ப் பரவியது. மாதம் திரும்புவதற்குள் மலையிலுள்ள சின்னப் பள்ளிகள் யாவும் ‘மாதிரி’யைப் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. மாதிரிக்கு ஒரு ஆசிரியர் போதும். ஆகவே இரண்டு பேர் இருந்த இடங்களில் ஒருவர் ‘உபரி’. ஜெய்புன்னிசா போன் செய்தாள். இந்த முறை அவள் குரலில் கேலி இல்லை.

“அக்கா, உங்க சுவரு எங்க ஊருக்கும் வந்துருச்சு. எங்க தவ்பீக் தம்பியத் தூக்கிட்டாங்க.”

“ஐயோ, ஜெய்பு!”

“இன்னும் கேளுங்க. எங்க பள்ளிக்கூடத்துல ரெண்டு ரூம்பு. ஆகமொத்தம் எட்டு சுவரு இருக்குதாம். வேண்டியதுக்கு மேல சுவரு வெச்சிருக்கறதுக்கு வெளக்கம் கேட்டிருக்காங்க. நான் என்னன்னு சொல்ல, அதுபாட்டுக்கு முளைச்சிருச்சுன்னா?”

ராஜகுமாரி கூனிக் குறுகிப்போனாள். தன் பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் கேட்கப் போனவள், ஊரான் பிள்ளைகளுடைய டீச்சரையும் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை. பனிமூட்டமாய் மஞ்சு இறங்கியிருந்தது. வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதில் ஒரு லாபம், யார் வந்தாலும் ஐந்தாம் வகுப்புக்குத்தான் முதலில் தெரியும். அனம் துள்ளி எழுந்தாள்.

“டீச்சர்! புது சார்! புது சார் வராரு!”

தேயிலைக்கு நடுவே பையும் குடையுமாக ஓர் இளைஞர் ஏறி வந்தார். “நான் தவ்பீக்குங்க. சோலூர்ல இருந்து இங்க மாத்தியிருக்காங்க.”

ராஜகுமாரிக்கு ஜெய்புன்னிசாவின் முகம் ஞாபகம் வந்து சுருக்கென்றது. அடுத்த நொடி ஸ்டெபின் ஆட்டும் தொட்டில் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு வெட்கம் மானம் எதுவும் இல்லை. நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். சாக்பீஸை நீட்டினாள்.

“வாங்க தம்பி, மகராசனா இருங்க. டீ அப்பறம் குடிக்கலாம். மொதல்ல அஞ்சாம் வகுப்பு. வகுத்தல்.”

தவ்பீக் சாக்பீஸை வாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

“என்னைப் பாடம் நடத்தறதுக்குப் போடலீங்க டீச்சர். ‘மாதிரி உற்றுநோக்குநர்’னு போட்டிருக்காங்க.”

“அப்படின்னா?”

“நீங்க ஒத்தை ஆளா எப்படிச் சமாளிக்கறீங்கன்னு உக்காந்து பாக்கணும்ங்க. நான் சாக்பீஸைத் தொட்டா மாதிரியில கலப்படம் ஆயிருமாம். அப்பப்ப போட்டோ எடுத்து அனுப்பணும். அதுல நான் கையைக் கட்டிட்டு இருக்கணும்.”

“எத்தனை நாளைக்கு?”

“மூணு வருசத்துக்குங்க.”

உற்றுநோக்குநரை எங்கே உட்காரவைப்பது என்பது அடுத்த சிக்கல். சுவர்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. கடைசியில் வாசலில்தான் நாற்காலி போட முடிந்தது. ஆக, ஐந்தாம் வகுப்புக்கு எதிரே இத்தனை காலம் ஒன்றுமில்லை என்றிருந்த குறையையும் மேலிடம் நீக்கிவிட்டது. இப்போது தேயிலையை மறைத்துக்கொண்டு, மலையிலேயே சிறந்த கணக்கு வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அனம் அவரை ஒரு வாரம் பார்த்தாள். பிறகு கேட்டேவிட்டாள்.

“சார், உங்களுக்கு வகுத்தல் தெரியாதா?”

“தெரியும்மா.”

“அப்பறம் ஏன் சார் சொல்லித் தராம எங்களையே பாக்கறீங்க?”

தவ்பீக் மஞ்சைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். கையைக் கட்டியிருந்ததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து ராஜகுமாரியின் போன் அடித்தது. அருள்ராஜ்.

“டீச்சர், சந்தோசமான செய்திங்க! ஏப்ரல்ல அடுத்த உரையாடல். அதே ரிசார்ட்டு. நீங்கதான் சிறப்பு விருந்தினர். தலைப்புக்கூட முடிவாயிருச்சு: ‘மலைப் பிள்ளைகளுக்கு வகுத்தல் ஏன் வருவதில்லை?’”

ராஜகுமாரி ஒன்றாம் வகுப்பின் அழுகையைக் கேட்டாள். வாசலைப் பார்த்தாள். கட்டிய கைகளைப் பார்த்தாள், அவற்றுக்கு எதிரே காலி சிலேட்டோடு உட்கார்ந்திருந்த அனத்தைப் பார்த்தாள்.

“வரேனுங்க சார். ஆனா அனத்தையும் கூட்டிட்டு வருவேன்.”

“புள்ளையெல்லாம் எதுக்குங்க அங்க?”

“வகுத்தல் ஏன் வரலைன்னு அதுவே சொல்லட்டுமுங்க. நீங்கெல்லாம் வட்டமாத்தான உக்காந்திருப்பீங்க? ஒருத்தரையும் விட்டுராம, வரிசையாக் கை காட்டிச் சொல்லும்.”

கல்வி வரலாற்றில் முதன்முறையாக, மறுமுனையில் உரையாட ஆளில்லை.