ரேஷன் கடை வரிசையில் வெடித்த மாவு

வெற்றிவேல் நகர்,
வல்லக்கோட்டை ரோடு, ஒரகடம்.
புதன்கிழமை.

மணிமங்கலத்தில் மகள் வீட்டில் எழுந்தருளியிருக்கும் என் மனைவி சுந்தராம்பாளுக்கு, உன் கணவனும் மேற்படி நகரின் பாதுகாப்புக் குழுத் தலைவனுமான பலராமன் எழுதுவது. இங்கு நான் நலம், கேஸ் அடுப்பு நலம், நீ விட்டுப்போன கறிவேப்பிலைச் செடி சுமார். அங்கு நீயும் சசிரேகாவும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வல்லக்கோட்டை முருகன் துணை நிற்கட்டும். பைக்கில் அரை மணி நேரத்தில் வரக்கூடிய ஊருக்குத் தபால் எழுதுகிறவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். என்ன செய்வது, பதினேழு முறை போன் அடித்தும் நீ எடுக்கவில்லை.

நடந்ததை நீ வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. ஆகவே முறைப்படி முதலிலிருந்து சொல்கிறேன். கம்பெனிகள் இருக்கிற பக்கமெல்லாம் தீவிரவாதிகள் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார்கள், இதைப் பத்துப் பேருக்கு அனுப்பவும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நான் பொறுப்பானவன், நாற்பது பேருக்கு அனுப்பினேன். அன்று மாலையே நகர்க் கூட்டம். நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த செயலாளர் முனிரத்தினம், அடுத்த மாதம் சங்கத் தேர்தல் வருகிறது, முடிந்த பிறகு குழு அமைக்கலாம் என்றார். தம்பி டில்லிபாபு எழுந்து, "உசுரு இருந்தாத்தானே சார் ஓட்டு? எலெக்‌ஷன் எங்க ஓடிப் பூடப் போவுது?" என்று கேட்டான். பலத்த கைதட்டல். நிலைமை சரியாகும் வரை தேர்தல் கிடையாது, அதுவரை தற்காலிகத் தலைவர் நான் என்று முடிவாயிற்று. எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றேன். தூக்குபவர் பெயரை எழுத டில்லிபாபு நோட்டுப் புத்தகத்தோடு தயாராக நின்றான். முனிரத்தினம் பாதி தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதற்குப் பிறகு குழாயடியில் நாலு பேர் சேர்ந்து நிற்கக் கூடாது என்று விதி போட்டோம். இப்போது நகர் எவ்வளவு அமைதி தெரியுமா? யாரும் யாரோடும் நின்று பேசுவதே இல்லை. மத்தியானத்தில் மிக்ஸி ஓடினால் எந்த வீட்டு மிக்ஸி என்று இங்கே உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம்.

இனி மாவு விஷயம். ரேஷன் கடை திறக்கும் முன்பே பையை வரிசையில் வைத்து இடம் பிடித்துவிட்டு நிழலுக்குப் போவது நம் ஊர் வழக்கம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆளில்லாத பையைச் சந்தேகப்பட வேண்டும் என்பது குழுவின் மூன்றாம் விதி. அன்றைக்கு வரிசையில் மொத்தம் இருபத்திரண்டு பை. எதிலிருந்து சந்தேகத்தைத் தொடங்குவது என்று நானே திணறிக்கொண்டிருந்தபோது, ஏழாவது பைக்குள்ளிருந்து 'டப்' என்று சத்தம். விசிலை ஊதினேன். ஊதிய கையோடு நான் ஓடியதாக நீ சொல்வது மிகை. கூட்டத்துக்கு வழிகாட்டினேன். டில்லிபாபு எனக்கும் முன்னால் போய் வழி சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். பக்கத்துத் தெரு ஞானம்மாவுக்குக் கொடுப்பதற்காக நீ தூக்கில் இறுக்கி மூடி வைத்த இட்லி மாவு வெயிலில் பொங்கி மூடியைத் தள்ளியது என்று எனக்கு எப்படித் தெரியும்? பை நம் சசிரேகா கல்யாணத்துத் தாம்பூலப் பைதான். அதில் என் பெயரே கொட்டை எழுத்தில் இருக்கிறதுதான். ஆனால் எழுத்துப் பக்கம் சுவரைப் பார்த்து அல்லவா இருந்தது!

அத்தனை பேரும் ஓட, பைக்குப் பக்கத்தில் ஒருத்தன் மட்டும் நின்றான். நம் மாடி ரூமில் குடியிருந்த ஒடிசாக்காரன் சுபாஷ். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவனைப் பைக்குக் காவல் வைத்துவிட்டு நீ குழாயடிக்குப் போயிருந்தாய். அவன் வழிந்த மாவை விரலால் தொட்டுக் காட்டி, "பயம் இல்ல சார். மாவு. அம்மா மாவு" என்று சிரித்தான். டில்லிபாபு நூறடி தள்ளி, மின்கம்பத்துக்குப் பின்னால் பாதுகாப்பாக நின்றபடி, "எல்லாரும் ஓடுறோம், இவன் மட்டும் ஓடல பாரு. உள்ள இன்னா கீதுன்னு இவனுக்கு எப்டித் தெரியும்? அதான் தலைவரே டவுட்டு" என்றான். அந்த நேரத்தில் அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

போலீஸ் வந்து, மாவை மாவு என்று உறுதி செய்தது. ஆனால் குழு ஏற்கெனவே ஸ்டேஷனில் கொடுத்திருந்த சந்தேகப் பட்டியலில் முதல் பெயர் சுபாஷ். ஆகவே அவனை விசாரணைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏன்யா அவன் பெயரை எழுதினாய் என்று கேட்டாய். படிவத்தில் பத்துக் கட்டம் இருந்தது. காலியாக விட்டால் தலைவர் வேலையே செய்யவில்லை என்று நினைத்துவிடுவார்கள். பேனாவைத் திறந்த நேரத்தில் அவன்தான் மாடிப்படி இறங்கி வந்து, "குட் மார்னிங் சார்" என்றான். மூன்று நாள் கழித்து விட்டார்கள். அதற்குள் கம்பெனியில் அவன் இடத்தில் வேறு ஆள். பட்டியலில் இருப்பவனை அசெம்பிளி லைனில் நிறுத்த முடியாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். நீ அவனை மண்ணூரில் அவன் ஊர்க்காரர்கள் ரூமில் விட்டுவிட்டு வந்து, "இன்னாய்யா பெரிய தலைவரு? அந்தப் புள்ள மேல தப்பு இல்லன்னு எழுதிக் குடு. குடுக்குற வரிக்கும் இந்த வூட்ல நான் கால் வெக்க மாட்டேன்" என்று கிளம்பினாய். எழுதிக் கொடுத்தால் குழுவின் கௌரவம் என்னாவது? எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது. நீயே யோசித்துப் பார்த்துத் திரும்பி வர வேண்டியது.

இருபத்தாறு நாள் ஆகிறது சுந்தரா. உன் திட்டுச் சத்தம் இல்லாமல் எந்த நேரத்தில் எழுந்திருப்பதென்று தெரியவில்லை. காபியில் சர்க்கரை போட்டேனா என்று கேட்க ஆளில்லாமல் இரண்டு முறை போட்டுக் குடிக்கிறேன். உன் நைட்டி கொடியில்தான் இருக்கிறது. மடித்து வைத்தால் நீ போனது நிஜமாகிவிடும் போலிருக்கிறது. மழை வந்தபோது மட்டும் எடுத்தேன், நின்றதும் மறுபடி காயப் போட்டேன். நானே மாவு அரைத்துப் பார்த்தேன், இரண்டு நாளாகியும் பொங்கவில்லை. நீ இல்லாத வீட்டில் எனக்கு இருக்கவே பிடிக்கவில்லை.

பேரப்பிள்ளைக்கு முத்தம், மாப்பிள்ளைக்கு விசாரிப்பு, சசிரேகாவுக்கு ஆசீர்வாதம். நகர் மக்கள் எல்லாரும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள், மூன்று மூன்று பேராக வந்து. சகல பாதுகாப்போடும் நீ வீடு வந்து சேர வாழ்த்தும்,

பலராமன்
(தற்காலிகத் தலைவர்)

பின்குறிப்பு: சுந்தரா, மேலே இருப்பது டில்லிபாபு படிக்க எழுதியது. நகரை விட்டுப் போகும் தபாலைக் குழு படித்து முத்திரை போட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று போன மாதம் விதி போட்ட புத்திசாலி நான்தான். நைட்டி விஷயத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "சூப்பர் தலைவரே" என்று குத்திக் கொடுத்தான். தபால் பெட்டிக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து இதைப் பின்பக்கத்தில் எழுதுகிறேன். காபி, நைட்டி, பொங்காத மாவு மூன்றும் நிஜம். முறைப்படி, நியாயம், கௌரவம் என்றதெல்லாம் பொய்.

சுபாஷ் மேல் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை. பயம்தான் இருந்தது. தொண்ணூற்றொன்று மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த மறுநாள், அந்தப் பக்கம் சைக்கிளில் போனேன் என்று என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் இரண்டு நாள் உட்கார வைத்தார்களே, அந்தப் பயம். இன்னொரு முறை யாரும் என்னைச் சந்தேகப்படக் கூடாது என்றுதான் நான் முந்திக்கொண்டு மற்றவர்களைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். அப்போது நமக்குக் கல்யாணமாகி நாலு மாதம். வெளியே வந்தபோது வாசலில் நீ நின்றாய். வேறு எதுவும் கேட்காமல், "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டாய். சுபாஷ் வெளியே வந்தபோதும் வாசலில் நீதான் நின்றாய். நான் வீட்டில் உட்கார்ந்து பதினோராம் விதி எழுதிக்கொண்டிருந்தேன்.

வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போகிறேன். ஒரு காரணமும் இல்லாமல் அந்தப் பெயரை எழுதியவன் நான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, நகலைக் கம்பெனிக்கும் அனுப்பப் போகிறேன். சிரித்து அனுப்பினாலும் அனுப்புவார்கள், உட்கார வைத்தாலும் வைப்பார்கள். வீட்டுக்கு வா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஸ்டேஷன் வாசலுக்கு மட்டும் வா. நான் வெளியே வரும்போது நீ நின்றால் போதும்.