வீட்டுக்கு அடியில் ஒரு வீராப்பு

இந்த வீட்டை விட்டு என்னை யாராலும் கிளப்ப முடியாது என்று போன கார்த்திகையில் ஒரு சபதம் எடுத்தேன். ‘யாராலும்’ என்று பொதுவாகச் சொன்னாலும், உலகத்தில் என்னைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தவர் ஒரேயொருவர்தான். அவர் அப்போது குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். பனிக்கால ஜாக்கெட், கம்பளித் தொப்பி, கழுத்தில் சால்வை எல்லாம் போட்டுக்கொண்டு வெங்காயம் வெட்டுகிற பெண்சாதியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ தெரியாது. நான் பார்த்திருக்கிறேன். கதவில் என் திறப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் அந்தத் தொப்பி தலையில் ஏறும் என்பது என் சந்தேகம். நிரூபிக்க முடியவில்லை.

“என்ன யோகம், வெளியிலை போகப்போறீரோ?”

“இல்லை. இப்பதான் வெளியிலையிருந்து வந்தனான். அங்கை கொஞ்சம் சூடாயிருந்தது.”

“சும்மா பகிடி விடாதையும்.”

“ட்வெய்ட்டாவிலை அந்த அடுக்குமாடிச் சனம் வீட்டுக்குள்ளை அரைக்கைச் சட்டையோடை நிக்கினமாம். லிஃப்ட் இருக்கு. கீழை இறங்கினால் கடை. ஒரு வீடு விக்கப்போகினமாம்.”

“என்ரை சவத்துக்கு மேலைதான் நீர் ட்வெய்ட்டா போகலாம்.”

“அது சரி, இந்தக் குளிருக்குச் சவம் கனநாள் பழுதாகாமல் கிடக்கும்.”

யோகாம்பாளோடு வாய் கொடுத்து வென்றவர் எங்கள் ஊரிலும் இல்லை, ஒஸ்லோவிலும் இல்லை. ஆனால் வீட்டு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. காரணம் இருக்கிறது. நோர்வேக்கு அகதியாக வந்த நாளிலிருந்து நான் இருந்த இடங்களிலெல்லாம் தலைக்கு மேலே யாரோ நடந்தார்கள். காலுக்குக் கீழே யாரோ தும்புத்தடியால் கூரையில் இடித்து ‘சத்தம் போடாதே’ என்றார்கள். ஹவுகெட்டோவில் இந்த வரிசைவீட்டை வாங்கிய அன்று, சாமான் ஒன்றும் வராத வெறும் தரையில் நின்று ஒருதரம் துள்ளிப் பார்த்தேன். யாரும் இடிக்கவில்லை. அன்று எனக்கு அழுகை வந்தது. பஸ் ஓட்டிக் கடன் கட்டி முடித்த வீடு. இதில் என்னைத் தவிர வேறு யாரும் துள்ளக்கூடாது என்று ஒரு எண்ணம்.

ஆனால் வீடு குளிர்ந்தது உண்மை. எழுபதுகளில் கட்டியது. சாமான் அறையில் இருக்கும் இயந்திரம் காற்றைச் சூடாக்கும். அந்தக் காற்று தரைக்கு அடியில் தகரக் குழாய்களில் ஓடி, அறைக்கு அறை தரையிலுள்ள கம்பித்தட்டு வழியாக மேலே வரும். புறப்படும்போது கொதிக்கிற காற்று, எங்கள் படுக்கையறைக்கு வரும்போது யாரோ ஊதிவிட்ட மாதிரி வந்தது. அப்படியானால் சூடு எங்கே போகிறது? இணையத்தில் வாசித்தேன். குழாய்கள் ஓடுகிற இடத்தில் போகிறது. அதாவது வீட்டுக்கும் மண்ணுக்கும் இடையில், தவழ்ந்தால் மட்டும் போகக்கூடிய அந்தப் பள்ளத்தில். நோர்வேக்காரர் அதைக் க்ரீப்ஷெல்லர் என்பார்கள். குழாய்களுக்குக் கண்ணாடிப் பஞ்சு சுற்றினால் சூடு வீட்டுக்குள் வரும். வீடு சூடானால் ட்வெய்ட்டாப் பேச்சு சூடாறிவிடும்.

“யோகம், நான் கீழை இறங்கிக் குழாயளுக்குப் பஞ்சு சுத்தப்போறன்.”

“சுத்துங்கோ.”

கலியாணம் முடித்த காலத்திலிருந்து நான் சொன்ன ஒன்றுக்கும் அவள் முதல்தரத்திலேயே ‘ஓம்’ சொன்னதில்லை. அந்த இடத்திலேயே நான் யோசித்திருக்க வேண்டும்.

“ஆளைப் பிடிச்சுச் செய்விக்கலாம் எண்டு சொல்லமாட்டீரோ?”

“ஏன், நீங்கள் ஆள் இல்லையோ?”

இதற்கு மேல் ஒரு ஆம்பிளைக்கு என்ன வேண்டும்? முழு உடம்பையும் மூடுகிற வெள்ளை உடுப்பு, முகமூடி, நெற்றியில் விளக்கு, கையுறை. சாமான் அறைத் தரையிலிருந்த மூடியைத் தூக்கி உள்ளே இறங்கினேன். இந்த வீட்டை வாங்கியபோது தவழ்ந்தது எங்கள் மகள் ராகவி. அவள் இப்போது பேர்கனில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறாள். வீட்டில் தவழ்வதற்கு மிச்சம் நான்தான்.

கீழே போனதும் முதலில் கண்ணில் பட்டது குழாய் அல்ல. மூடிக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டுகிற இடத்தில், குழாயின் பழைய பஞ்சு உரிக்கப்பட்டுத் தகரம் பளபளத்தது. அதன்மேல் துவாயால் சுற்றிய ஒரு எவர்சில்வர் சட்டி சுகமாக இருந்தது.

“யோகம்! இஞ்சை ஒரு சட்டி இருக்கு!”

மேலே நடந்துகொண்டிருந்த காலடி நின்றது.

“யோகம்!”

“கேக்குது. ஆட்டாதேங்கோ. மா இப்பதான் பொங்கத் தொடங்கியிருக்கும்.”

“தோசை மாவோ?”

“பின்னை என்ன, சீமெந்தோ?”

“குழாயிலை இருந்த பஞ்சு எங்கை?”

“ஓரத்திலை மடிச்சு வைச்சிருக்கிறன். கிழிக்கேல்லை.”

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. இத்தனை காலமும் குளிர், குளிர் என்று என்னை வாட்டியவள், தன் கையாலேயே சூட்டைத் திருடி மாவுக்குக் கொடுத்திருக்கிறாள். இந்த ஊரில் குழாய்மேல் அல்லாமல் வேறெங்கே மா புளிக்கும் என்று அவளுக்கு நியாயம் இருக்கலாம். ஆனாலும் தடயத்தோடு பிடித்துவிட்டேன். கீழே கிடந்தபடியே விசாரணையைத் தொடங்கினேன்.

“அப்ப வீடு குளிருறதுக்கு நீர்தான் காரணம்!”

“ஓம். சனிக்கிழமைத் தோசை மெத்தெண்டு இருக்கு எண்டு சொன்னது ஆர்?”

“... நான்.”

“இன்னும் ரெண்டு போடும் எண்டது?”

“அதுவும் நான்தான்.”

“பஞ்சைக் கழட்டினது நான். சூட்டைத் திண்டது ஆர்?”

வழக்கு தள்ளுபடி. சட்டியை மேலே வாங்கி, மின்னடுப்புக்குள் வைத்து, உள்ளிருக்கும் விளக்கை மட்டும் போட்டாள். மா அங்கேயும் நன்றாகப் பொங்கியது. அப்படியொரு வழி இருப்பது அவளுக்கு எவ்வளவு காலமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. குடும்பம் நடத்துகிறவன் சில கேள்விகளைத் தொண்டைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

குழாய்ப் பொருத்துகளில் காற்றுக் கசியாமல் ஈயத்தாள் நாடா ஒட்டினேன். பிறகு பஞ்சு. யாழ்ப்பாணத்தானிடம் ஒன்றைச் சுற்றக் கொடுத்தால் அவனுக்கு ஒரே விதம்தான் தெரியும். ஊருக்குப் பெட்டி கட்டுகிற விதம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் தூக்கி எறிந்தாலும் பிரியக்கூடாது. முழங்காலை வைத்து அமத்தி, கயிறு போட்டு இறுக்கி, அதற்கு மேலே நாடா ஒட்டி, அதற்கு மேலே இன்னொரு கயிறு. பேர் விலாசம் எழுதாததுதான் குறை. பல நாள் வேலை. ஒவ்வொரு நாளும் மேலே ஏறிவர முந்தைய நாளைவிடக் கூட நேரம் எடுத்தது. மூடிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, மூச்சு வந்த பிறகுதான் குசினிக்கு விசிலடித்துக்கொண்டு போவேன்.

வீடு சூடாகவில்லை.

யோகாம்பாள் மூடிக்குள் தலையை விட்டு, விளக்கடித்துப் பார்த்தாள்.

“இதென்ன, பருத்தித்துறைக்கு அனுப்பப்போறியளோ?”

“இறுக்கமாய்ச் சுத்தினால்தானே சூடு போகாது?”

“எங்கடை போர்வையைக் கயித்தாலை இறுக்கிக் கட்டிப்போட்டுப் போர்த்துப் பாருங்கோ, குளிருதோ இல்லையோ எண்டு. சூட்டைப் பிடிக்கிறது பஞ்சில்லை. பஞ்சுக்குள்ளை இருக்கிற காத்து. நீங்கள் காத்தை நசிச்சுச் சாக்காட்டிப்போட்டியள்.”

அவ்வளவையும் பிரித்து மறுபடி சுற்றினேன், இம்முறை குழந்தையைப் போர்த்துகிற மாதிரி. அப்படிக் கிடந்து சுற்றும்போது தலைக்குள் என்னென்னவோ ஓடியது. இறுக்கிப் பிடித்தால்தான் ஒன்று நிற்கும் என்றே நான் இவ்வளவு காலமும் நம்பியிருக்கிறேன். காசைப் பிடித்தேன். மகளைப் பிடித்தேன், அவள் பேர்கன் போனாள். இப்போது வீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. நாடாவை ஒட்டிவிட்டு ஏறி வந்தேன்.

அடுத்த நாள் காலையில் யோகாம்பாள் தொப்பி இல்லாமல் வந்தாள். மத்தியானம் ஜாக்கெட்டும் போய்விட்டது. குசினித் தரையில் வெறுங்காலோடு நின்று, “ம்” என்றாள். நோபல் பரிசு கொடுத்தாலும் எனக்கு அந்த ‘ம்’ போதும். ட்வெய்ட்டா என்ற ஊரே வரைபடத்திலிருந்து மறைந்துபோனது.

“இஞ்சருங்கோ, இவ்வளவு பெரிய வேலை செய்திருக்கிறியள். ஒருத்தரும் பாக்கேல்லையே.”

“அதைத்தான் நானும் யோசிச்சனான்.”

“கோயிலிலை கண்டு கதைக்கிற அந்த இந்தியாப் பிள்ளையளைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடுவமோ? சிவராமனும் வர்ஷாவும். கொம்பியூட்டர் வேலை. அவைக்கு வீடு வாங்கிற யோசனை. விசயம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் புத்தி சொன்னால் நல்லம்.”

விசயம் தெரிஞ்ச ஆள்! நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு பின்னேரம் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். நாங்கள் கதைப்பதை அவர்கள் பேசுவார்கள். மற்றப்படி தமிழ் ஒன்றுதான். வர்ஷாவுக்கு வயிற்றில் பிள்ளை. உள்ளே வந்ததும் காலுறையைக் கழற்றிவிட்டுத் தரையில் நடந்து பார்த்தாள்.

“அங்கிள், தரையே கதகதன்னு இருக்கு! எங்க ஃப்ளாட்ல ஐஸ் மாதிரி இருக்கும்.”

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. சிவராமனைச் சாமான் அறைக்குக் கூட்டிப்போய் மூடியைத் திறந்து, முழங்காலில் இருந்து, விளக்கடித்து, பஞ்சின் தத்துவம் முழுவதையும் விளங்கப்படுத்தினேன். காற்றை நசிக்கக் கூடாது என்று நானே கண்டுபிடித்ததாகச் சொன்னேன். யோகாம்பாள் மறுக்கவில்லை. பிறகு எழும்பப் போனேன். எழும்ப முடியவில்லை. முழங்கால் என்னுடையது இல்லை என்பதுபோல் நின்றுவிட்டது. சிவராமன் ஒன்றும் சொல்லாமல் என் கமுக்கட்டுக்குள் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். ஒன்றும் சொல்லாததுதான் எனக்குச் சுட்டது.

அதை மறைக்க இன்னும் பலமாகக் கதைத்தேன். காலையில் இந்தப் பக்கம் வெயில் வரும் என்றேன். அயலட்டம் தங்கமான சனம் என்றேன். ரயில் நிலையம் நடைதூரம், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை தனியாகவே போய் வரலாம் என்றேன். யோகாம்பாள் தேத்தண்ணி ஊற்றினாள். நான் குடித்தேன். அவள் மறுபடி ஊற்றினாள். நான் மறுபடி கதைத்தேன்.

“மேல வீட்டுக்காரங்க சத்தம்லாம் இருக்குமா அங்கிள்?” என்று வர்ஷா கேட்டாள்.

“மேலையும் இல்லை, கீழையும் இல்லை! பிள்ளை விடிய விடியத் துள்ளலாம். உண்மையைச் சொன்னால், இந்த வீட்டிலை சின்னப் பிள்ளையள்தான் இருக்கவேணும். எங்களைப்போலக் கிழடுகள் இருந்து என்ன செய்யிறது?”

சிவராமன் மனைவியைப் பார்த்தான். வர்ஷா கோப்பையை வைத்துவிட்டு, கண் கலங்க, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அங்கிள், நிஜமாவா? எங்களுக்கே குடுப்பீங்களா?”

யோகாம்பாளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சீனிப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அந்த நேரம் முழுவதும் நான் பார்த்துக்கொண்டிருந்தது, தரையில் வெறுங்காலோடு இருந்த அந்தப் பிள்ளையைத்தான். இந்தத் தரையில் நான் துள்ளிய நாளில் எனக்கும் அதே வயது. வீட்டை இழக்கிற துக்கம் வந்தது. அதோடு வேறு ஏதோவும் வந்தது. அது துக்கம் இல்லை.

“ஓம்,” என்றேன்.

நான் ஏதோ மந்திரம் தொடங்குகிறேன் என்று நினைத்துச் சிவராமன் கைகூப்பினான். வர்ஷாதான், “அங்கிள் சரின்னு சொல்றார்” என்று மொழிபெயர்த்தாள்.

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

“அப்ப எல்லாம் முதலே தீர்மானிச்ச விசயம்! குளிர், குளிர் எண்டதெல்லாம் பொய்.”

“பொய் இல்லை. குளிர்ந்ததுதானே. ஆனால் நான் போகவேணும் எண்டது குளிருக்காக இல்லை.” அவள் கோப்பைகளை அடுக்குவதை நிறுத்தினாள். “நீங்கள் படியிலை பக்கவாட்டிலை இறங்கிறதை நான் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன். முழங்கால் ஏலாது எண்டு நான் சொன்னால் கேப்பியளோ? இன்னும் ஒரு மாடி கட்டுவியள்.”

“அதுக்காக என்னை நிலத்துக்குக் கீழை விட்டுத் தவழ வைக்கிறதோ?”

“நீங்களே அறிஞ்சு வரட்டும் எண்டு விட்டனான். நீங்கள் மூடிக்குப் பக்கத்திலை மூச்சு வாங்கிக்கொண்டு இருந்த நேரமெல்லாம் நான் இஞ்சை குசினிக் கதவோடைதான் நிண்டனான்.”

அப்படியென்றால் நான் அடித்த விசிலெல்லாம் வீண். வெட்கத்தைக் காட்டக்கூடாது. கோபம்தான் கைவசம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

“எண்டாலும் யோகம், என்னைக் கேக்காமல், நான் பாடுபட்டுச் சூடாக்கின வீட்டை நீர் வித்துப்போட்டீரே!”

“நான் எங்கை வித்தனான்? நான் தேத்தண்ணிதானே ஊத்தினனான்.”