முதல் தடவை கணக்கில் சேராது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். இப்போது மறதி வேறு. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை அடித்துச் சொல்வேன்: ஸ்ரீரங்கத்திலேயே, குடித்து முடித்த காபியைக் குடிக்கவே இல்லை என்று சாதித்த ஒரே ஆள், எங்கள் மாடியில் குடியிருந்த ‘மறுபடி’ தம்பிதான்.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. கம்ப்யூட்டரின் நினைவில் ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்துக்கு நகலெடுக்கப் பல கட்டளைகள் உண்டாம். ஒன்று ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைக்கும். இன்னொன்று கொத்தாக அள்ளிப் போடும். எது வேகம் என்று பந்தயம் விட்டுப் பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. முடிவைத் தேர்தல் முடிவு மாதிரி படியிறங்கி வந்து என்னிடம் அறிவிப்பார்.

“அம்மா, கொத்தா அள்றதுதான் ஜெயிச்சுது!”

மத்தியானம் முகம் தொங்கிவிடும். “சின்னத் துணுக்கா இருந்தா ஒத்தை ஒத்தையா எடுக்கறதே முந்துதும்மா.”

“ரெண்டும் நல்லா இருக்கட்டும் தம்பி, சாப்பிடுங்க” என்பேன்.

எந்தப் பந்தயத்திலும் முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார். முதல் தடவை கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து தேடி எடுத்து வருமாம். அடுத்த தடவை கைக்கெட்டும் இடத்திலேயே இருக்குமாம். நியாயம்தான். அதையே வாழ்க்கைக்கும் வைத்துக்கொண்டதுதான் கூத்து. முதல் காபி கணக்கில்லை, மறுபடி ஒன்று. பெருமாளைச் சேவித்து வெளியே வந்த கையோடு, மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்பார்.

“இப்பத்தானே சேவிச்சீங்க?”

“அது சும்மாம்மா.”

இவருக்கு எப்படிப் பெண் அமையும்? பெண் வீட்டில் அரை மணி பேசினால் போதும், மறுநாள் ‘ஜாதகம் சேரலை’ என்று போன் வந்துவிடும். கே.கே. நகரில் ஒரு பெண்ணைப் பார்க்கக் கிளம்பியபோது, மணப்பாறையிலிருந்து வந்திருந்த அவர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “இதுவும் போச்சுன்னா இனிமே நான் பொண்ணு தேட மாட்டேங்க. நீங்க கூட வந்து, அவன் வாயைத் திறக்காம பாத்துக்கங்க.”

நாலு பேர் நடுவில் என் வாயே திறக்காது. இதில் அவர் வாய்க்கு நான் காவல்!

பெண் காபியோடு வந்தாள். குனிந்து நீட்டும்போது டம்ளர் சரிந்து, காபி முழுக்கத் தம்பியின் வெள்ளைச் சட்டையில். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “பாத்து வரக்கூடாதா?” என்று அவள் அப்பா பல்லைக் கடித்தார். “சகுனமே...” என்று தம்பியின் அம்மா ஆரம்பித்தார்.

தம்பி எழுந்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். உட்காரவில்லை.

“மொத தடவை கணக்குல சேராதுங்க. உள்ள போயிட்டு மறுபடி வாங்க.”

போனாள். வேறு டம்ளரோடு மறுபடி வந்தாள். கண்ணீரும் சிரிப்புமாக, “இதைச் சேத்துக்கலாமாங்க?” என்றாள்.

“இது சேரும்.”

அவர் அம்மா சகுனத்தை மறந்து சிரித்துவிட்டார். அந்த மாதமே நிச்சயம்.

கல்யாணமாகி இருவரும் ஊர் மாறிப் போன அன்று, ஆட்டோ தெருமுனை திரும்பியது. திரும்பிய ஆட்டோ மறுபடி வாசலுக்கே வந்தது.

“மொத தடவை கெளம்பினது கணக்கில்லம்மா” என்று இறங்கி, இருவரும் என்னை மறுபடி கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கம்ப்யூட்டர் சமாச்சாரத்தில் நான் தப்பாக எழுதியிருப்பேன். விவரம் தெரிந்த யாராவது சரிபார்த்துவிடுங்கள். மூன்றாவது தடவையும் அந்த ஆட்டோ வருமோ என்று வாசலிலேயே நின்றேனே, அது மட்டும் சரிதான்.