பால் பொங்கிய செய்முறைத் தேர்வு

2023 மார்ச் 11, சனிக்கிழமை. காலை 4.45க்கு எழுந்தேன். 5.00 முதல் 5.40 வரை குரல் பயிற்சி. 6.10க்கு இரண்டு இட்லி (மூன்றாவதைத் தின்றால் மேல் ஸ்தாயி எட்டாது என்பது என் கண்டுபிடிப்பு). 7.05க்குக் கணவரோடு மலைப் பேருந்து. டைரியில் இதெல்லாம் அழகான கையெழுத்தில் இருக்கிறது. மாலை நான்கு மணிக்கு மேல் எழுதியிருப்பதைத்தான் என்னாலேயே படிக்க முடியவில்லை.

நாற்பத்தேழு வயதில், ஆலங்காயத்தில் பள்ளி அலுவலக வேலையையும் விடாமல், வெகுஜன இசையிலும் நிகழ்த்துகலையிலும் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பருவத்தில் செய்முறைத் தேர்வு: சொந்தமாக ஒரு பாட்டு எழுதி, பழக்கமில்லாத கூட்டத்தின் முன் பாட வேண்டும். முந்தைய ஆண்டு பயந்துபோய்ப் போகவே இல்லை. இதுதான் கடைசி வாய்ப்பு. தவறினால் பட்டம் கிடையாது.

ஜமுனாமரத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில் கூட்டம் சேர்த்துத் தந்தவர், அங்கே கும்மிப் பாட்டில் முன்னால் நிற்கும் காசியம்மா.

"நிறுத்தி நிறுத்திப் பாடுங்கக்கா. கடைசி அடிய நாங்க திருப்பிச் சொல்லுவோம்."

"வேணாங்க, தாளமெல்லாம் பென் டிரைவ்ல இருக்குது. நீங்க சும்மா கேட்டாப் போதும்."

"பாட்ட சும்மா கேக்கறதா? இன்னா பழக்கம்க்கா இது!"

பென் டிரைவில் பதினான்கு பதிவுகள் இருந்தன. ஒன்றில் மட்டும் வெறும் தாள இசை. மற்ற பதிமூன்றும் வீட்டில் பாடிப் பார்த்தவை. அனைத்துக்கும் எண் போட்டு, பட்டியல் தட்டச்சு செய்து, மைக்செட் ஏழுமலையிடம் கொடுத்தேன். "ஏழாம் நம்பர் மட்டும் போடுங்க." அவரும் ஏழைத்தான் அழுத்தினார். அவருடைய பாட்டுப் பெட்டிக்குப் பதிவின் பெயரைப் படிக்கத் தெரியாது. ஏற்றிய வரிசைப்படி தானே எண் போட்டுக்கொள்ளும் என்பது என் பட்டியலுக்குத் தெரியாது.

மதிப்பெண் போட வந்திருந்த தேர்வாளர் அம்மா பேனாவைத் திறந்தார். நான் கண்ணை மூடி மூச்சை இழுத்தேன். புளியமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் என் குரலே முதலில் வந்தது:

"வளைவுக்கு வளைவு மேகம் ஏறுது... இன்னாங்க, பால் பொங்குது! செல்ல கீழ வைங்க!"

அடுத்து என் கணவரின் குரல்: "உன் பாட்டக் கேட்டுத்தான் பால் எழுந்து ஓடுது!"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அதே கணவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். என் கால்கள் ஆலங்காயத்துக்கு நடந்தே போகத் தயாராகிவிட்டன. அதற்குள் காசியம்மா கைதட்டித் தாளம் போட்டார். முப்பது பெண்கள் ஒரே குரலில் வாங்கிப் பாடினார்கள்:

"பால் பொங்குது! செல்ல கீழ வைங்க!"

வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேரும் செல்லைக் கீழே வைத்தார்கள். அடக்க முடியாமல் நானும் சிரித்துவிட்டேன். சிரித்ததில் பயம் எங்கே போனதோ தெரியவில்லை. ஏழுமலையிடம் பெட்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவர்களுடைய கைத்தாளத்திலேயே, நிறுத்தி நிறுத்திப் பாடினேன். என் பாட்டின் ஒவ்வொரு அடியும் முப்பது மடங்காகத் திரும்பி வந்தது. இரண்டு ஆண்டுகள் படித்த எந்தப் பாடத்திலும் அந்தச் சுகம் இல்லை.

தேர்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இவங்களோட எத்தனை நாள் ஒத்திகை பார்த்தீங்க?"

"ஒத்திகையே இல்லை மேடம். நீங்க குழாயில கேட்டீங்களே, அதுதான் ஒத்திகை."

தேறிவிட்டேன். பட்டச் சான்றிதழில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. காசியம்மாவின் பெயரும் இருந்திருக்க வேண்டும். இன்றும் எங்கள் வீட்டில் யாராவது செல்லைப் பார்த்தபடி பதில் சொன்னால், மற்றவர்கள் கைதட்டி, "பால் பொங்குது!" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். என் கணவரின் குரல்தான் எல்லோருடையதிலும் பெரிது.

தேர்வுக்கு மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாகக் காசியம்மாவுக்குப் போன் செய்தேன். நன்றி சொல்லத்தான். பாட்டின் முதல் அடியைப் பாடி, அவருக்காக நிறுத்தினேன்.

"இருங்கக்கா," என்றார் அவர். "மொதல்ல அடுப்பப் பாத்துட்டு வாங்க."