தாடைக்கட்டோடு ஊருணிக்கரை வரை

நான் ஒருமுறை செத்துப்போயிருக்கிறேன். கால் மணி நேரம் இருக்கும். பள்ளத்தூர் ஊருணியில் அன்று தண்ணீர் எடுத்தவர்கள் எல்லாரும் சாட்சி.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. போர்டு பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிற வேலை. படிப்பு மூணாங்கிளாஸ். (அதிலும் ரெண்டு வருஷம் ஒரே பெஞ்சு.) மானகிரி மாமா மகள் பஞ்சவர்ணத்தை எனக்குப் பேசியிருந்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருந்தது என்று கேள்வி. ஜாதகம் பார்த்த ஜோசியர்தான் கெடுத்தார். இருபத்துமூன்று முடிவதற்குள் பையனுக்கு ஒரு கண்டம், உயிரை வாங்கப் பார்க்கும் என்றாராம். மாமா வெற்றிலை மாற்றாமல் ஆறு மாசம் இழுத்தார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அத்தையோடு நேரில் வருவதாகச் சொல்லி அனுப்பினார். ஆள் திடமாக இருந்தால் வெற்றிலை மாற்றுவது. இல்லையென்றால் வேறு இடம் இருக்கிறது.

அதே வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கட்டுப்போடுகிற வாத்தியார் வந்தார். பட்டணத்துக்காரர். அரைக்கால் சட்டை, தொப்பி, பெட்டி நிறைய வெள்ளைத்துணி. பிள்ளைகளுக்கு அடிபட்டால் டாக்டர் வருவதற்குள் என்ன செய்வது என்று வாத்தியார்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்திருந்தார். அதற்குப் பெயர் முதலுதவியாம். (அதுவரை எங்கள் பள்ளிக்கூடத்தில் காயத்துக்குக் காப்பித்தூள் வைப்போம். அழுதால் முதுகில் ஒன்று வைப்போம்.)

அடிபட்ட ஆளாக நடிக்க ஒருவர் வேண்டும் என்றார். வாத்தியார்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பெரிய வாத்தியாரிடம் போய் நின்றேன்.

"ஐயா, இன்னைக்கு மானகிரியில இருந்து வாராக."

"எத்தனை மணிக்கு?"

"நாலுக்கு."

"மூணுக்கே அவுத்து விட்டுருவாருப்பா. போய்ப் படு."

படுத்தேன். மத்தியானத்துக்குள் என் உடம்பில் உடையாத எலும்பு இல்லை. ஒவ்வொரு கட்டையும் அவர் ஒருமுறை போட்டுக் காட்டுவார். பிறகு ஐந்து வாத்தியார்களும் ஆளுக்கு ஒருமுறை. தமிழய்யா கட்டியதில் கை நீலமாகிவிட்டது. அவர்கள் அவிழ்த்ததும் மறந்தார்கள். எனக்கு மறக்கவில்லை. கட்டு விழுந்தது என் உடம்பில்.

மூன்று மணிக்கு விடவில்லை. கடைசிப் பாடம் ஒன்று இருந்தது. தாடையும் காலும் உடைந்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவது. தாடைக்கு அடியில் வெள்ளைத்துணி கொடுத்து உச்சந்தலையில் முடிந்தார். இரண்டு காலையும் சேர்த்துக் கட்டினார். தூக்குகிற கட்டில் பட்டணத்திலிருந்து வந்து சேரவில்லை. பச்சை மூங்கில் இரண்டு வெட்டிவரச் சொல்லிச் சாக்கைக் கோத்தார். நானோ பெண் வீட்டார் வருகிறார்கள் என்று புது வேட்டியில் இருந்தேன். காலையில் ஆத்தா நெற்றி நிறையத் திருநீறு பூசி அனுப்பியிருந்தாள்.

பெரிய வாத்தியார் என்னைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"சார், இந்தத் தாடைக்கட்டு, கால்கட்டு, பச்சை மூங்கில்... எங்க ஊர்ல இது வேற ஒண்ணுக்குல்ல..."

"இது சயன்ஸ், சார்."

பெரிய வாத்தியார் வாயை மூடிக்கொண்டார். (என் வாயை ஏற்கெனவே மூடியாகிவிட்டது.)

ஊருணி வரை போய்த் திரும்ப வேண்டும். அடிபட்டவன் கண் திறக்கக்கூடாது, அசையக்கூடாது. வாத்தியார்கள் நாலு பேர் தூக்கினார்கள். கையில் பிடித்தால் வழுக்குகிறது என்று தோளில் ஏற்றிக்கொண்டார்கள். கால் ஒன்றுபோல் விழட்டும் என்று டிரில் வாத்தியார் முன்னால் டிரம் அடித்துக்கொண்டு போனார்.

மணி என்ன இருக்கும் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். (மணியடிக்கிறவனே மூங்கிலில் கிடந்தால் ஊருக்கு மணி எப்படித் தெரியும்?)

கரையில் ஒரு குடம் விழுந்த சத்தம்.

"அடியே, நம்ம மணியடிக்கிற கருப்பையாடி!"

"காலையில கூட அடிச்சாருடி!"

"நல்ல மனுசன். வாயே தொறக்க மாட்டாரு."

"இனி எங்குட்டுத் தொறக்க?"

அப்போது மாட்டுவண்டிச் சலங்கை கேட்டது. பக்கத்தில் வந்து நின்றது. அடுத்து மானகிரி அத்தையின் குரல்.

"ஏஞ் சாமீ! வெத்தலை பாக்கோட வந்தேனே, வாய்க்கரிசி போடவா வந்தேன்!"

"கண்டமுன்னு சொன்னானே சோசியன்!" இது மாமா. "கண்டமுன்னு சொன்னானே!"

பஞ்சவர்ணம் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. எழுந்து உட்கார்ந்தேன். பாரம் சாய்ந்து வாத்தியார்கள் என்னைக் கீழே போட்டார்கள். "மாமா" என்று கூப்பிட்டேன். தாடைக்கட்டுக்குள்ளிருந்து "ம்ம்ம்" என்றுதான் வந்தது. காலைப் பிரிக்க நேரமில்லை. வண்டியைப் பார்த்துக் குதித்துக் குதித்துப் போனேன்.

வெள்ளை வேட்டி, திருநீறு, கட்டின கால், அந்தச் சத்தம். (நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன்.) கரையில் ஒரு ஆள் இல்லை. மாமா வண்டியின் பின்பக்கமாகக் குதித்தார். வலது கையை ஊன்றி விழுந்தார். மளுக்கென்றது.

கட்டுப்போடுகிற வாத்தியார் ஓடிவந்தார். நிஜமாக வளைந்திருந்த கையைப் பார்த்தார். வேர்த்துவிட்டது அவருக்கு. "பெட்டி... பெட்டி பள்ளிக்கூடத்தில் இருக்கிறதே" என்றார். வாத்தியார்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

தாடைத்துணியை உருவினேன். காலை அவிழ்த்தேன். டிரில் வாத்தியாரிடம் டிரம் குச்சி இரண்டையும் வாங்கினேன். மாமா கையின் இரண்டு பக்கமும் குச்சி வைத்து என் கால்துணியால் கட்டினேன். தாடைத்துணியைக் கழுத்தில் மாட்டிக் கையைத் தூளியில் போட்டேன்.

"அசைக்காதீக மாமா" என்றேன். அன்று மாமாவிடம் நான் பேசியது அவ்வளவுதான்.

அதே வண்டியில் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமா முனகிக்கொண்டே வந்தார். நான் வண்டியின் கடைசியில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையைப் பிணமாகப் பார்த்தாயிற்று, மாமனார் கையும் போயிற்று. இதற்குமேல் சகுனம் கெட வழியில்லை. கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

பாதி வழியில் அத்தை மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, சோசியன் சொன்ன கண்டம் இதுதான?"

"எது?"

"தாடை கட்டியாச்சு. காலு கட்டியாச்சு. பச்சை மூங்கில்ல தூக்கியாச்சு. நானும் வாய்விட்டு அழுதாச்சு. இனி எமன் வந்து என்னத்தச் செய்யப் போறான்? மாப்பிள்ளைக்குக் கண்டம் கழிஞ்சுருச்சு."

மாமா தூளியைக் குனிந்து பார்த்தார். "வந்தவன் வெறுங்கையோட போக வேணாமுன்னு என் கைய ஒடைச்சிட்டுப் போயிட்டான் போல" என்றார்.

அத்தை சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் 'மாப்பிள்ளை' என்று சொன்ன இடத்திலேயே என் நினைப்பு நின்றுவிட்டது. காலையிலிருந்து அப்போதுதான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்த டாக்டர், யார் கட்டினது என்று கேட்டார். "மணியடிக்கிறவுக" என்றார் மாமா. "எங்க மாப்பிள்ளை."

அடுத்த வெள்ளிக்கிழமை வெற்றிலை மாற்றினோம். இடது கையால் வாங்கக்கூடாது. தூளியில் கிடந்த வலது கையைத் தட்டில் வைத்தார் மாமா. அந்தக் கையைக் கீழேயிருந்து நான் தாங்கிக்கொண்டேன்.

இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. காய்ச்சல் என்று படுத்தால் வீட்டில் ஒருவரும் பதறுவதில்லை. "அதான் ஒருக்கத் தூக்கியாச்சுல்ல" என்று சொல்லிவிட்டுப் பஞ்சவர்ணம் கஞ்சி வைக்கப் போய்விடுகிறாள். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கஞ்சி வருவதற்குள் நானும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.