பிரதர் லிம்பானியின் விடுப்பு விஷயமாக

கெலிமானே,
ஞாயிறு, பூசைக்குப் பிறகு.

பெருமதிப்பிற்குரிய இலாரியு சாமியாருக்கு, தங்கள் சபைப் பிரதரை வீட்டில் வைத்துச் சோறு போடும் பெல்மீரா முழங்காலிட்டு எழுதிக்கொள்வது. (மூட்டு வாதத்தால் மனதளவில்தான் இட்டிருக்கிறேன், ஏற்றுக்கொள்ளவும்.) இங்கு நானும் வீட்டுக்காரர் செஃபெரீனுவும் மகள் ஒதேத்தும் சௌக்கியம். நம்புலாவில் தங்கள் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஆண்டவர் கிருபையால் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயம், லிம்பானி பிரதர் பற்றிய புகார். மலாவியிலிருந்து போர்த்துகீஸ் படிக்க இந்தப் பிள்ளையை எங்கள் வீட்டுக்குத் தாங்கள் அனுப்பியபோது, சாந்தமானவர், தொந்தரவு இருக்காது என்று எழுதியிருந்தீர்கள். சாந்தம் சரிதான். ஆனால் எங்கள் பாஷையில் களைத்துப்போனேன் என்பதற்கும் கல்யாணமானவன் என்பதற்கும் நடுவே ஒரு மூக்குச்சத்தம்தான் வித்தியாசம், அந்த மூக்குச்சத்தம் இவருக்கு வராது, ஆகவே தினம் சாயங்காலம் வகுப்பு முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே "அம்மா, இன்னைக்கு எனக்கு ரொம்பக் கல்யாணம் ஆயிருக்கு" என்பார், ஒதேத் சும்மா இருப்பாளா, "நேத்து வந்த பொண்ணா பிரதர், இல்ல வேற ஆளா?" என்பாள், இது வேலி தாண்டி, பாடகர் குழுப் பெண்கள் என்னிடம் வந்து துக்கம் விசாரிக்கிற அளவுக்குப் போய்விட்டது. பாவத்துக்கும் மீனுக்கும் ஓர் எழுத்துதான் கூடக்குறைய, பூசையில் மன்றாட்டு வாசிக்கச் சொன்னால் "ஆண்டவரே, நாங்கள் செய்த மீன்களை மன்னியும்" என்று உருக்கமாக வாசித்தார், ஆற்றங்கரைப் பெண்களில் பாதிப்பேர் மீன் விற்கிறவர்கள், பழைய மீனைத் தள்ளிவிட்ட மனசாட்சியோ என்னவோ, அன்றைய ஆமென் கூரையைத் தூக்கியது. ஒருநாள் சைக்கிள் டாக்ஸியில் ஏறியிருக்கிறார், போ என்பதற்கு வார்த்தை தெரிந்தது, நில் என்பதற்கு மறந்துபோனது, இறங்கவேண்டிய கோயிலைத் தாண்டிப் போகப் போக இவர் பயந்து தன் பாஷையில் செபம் சொல்ல, ஓட்டுகிறவன் பாட்டுப் பாடுகிறார் என்று குஷியாகி இன்னும் வேகமாக மிதித்து, கடைசியில் படகுத்துறைத் தண்ணீர்தான் இருவரையும் நிறுத்தியது.

சாமி, இதெல்லாம் நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. ராத்திரிச் சாப்பாட்டில் அவரே சொல்லுவார். நாங்கள் சிரித்தால் அவருக்குப் பெருமை. ஊரைவிட்டு வந்த பிள்ளைக்கு எங்கள் வீட்டில் பேசத் தெரிந்த பாஷை அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

அப்படித்தான் மூன்று வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமையும் வந்தார். களியும் தேங்காய்ப்பால் தடவிச் சுட்ட கோழியும் வைத்திருந்தேன். அவர் உட்காரவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான் செத்துட்டேன். காலையில செத்துட்டேன்" என்றார்.

சிரித்தோம். எப்படிச் சிரித்தோம் என்று எழுதக் கை வரவில்லை. ஒதேத் மேசைமேல் கவிழ்ந்துவிட்டாள். செஃபெரீனு, "செத்தவருக்குக் கோழிக்கால் எதுக்கு?" என்று அவர் தட்டிலிருந்து எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டார். பிரதரும் மரியாதைக்கு லேசாகச் சிரித்தார். பிறகு வார்த்தை தேடினார். "அப்பா. என் அப்பா. போன் வந்துச்சு. செத்துட்டேன்."

வினைச்சொல்லின் வால்தான் சாமி. செத்தார் என்று முடிக்கவேண்டியதைச் செத்தேன் என்று முடித்திருக்கிறார்.

ஒதேத்துக்குத்தான் முதலில் புரிந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். செஃபெரீனு அந்தக் கோழிக்காலை எடுத்து மறுபடி அவர் தட்டில் வைத்தார், அதைத் தவிர என்ன செய்வதென்று அந்த மனுஷருக்குத் தெரியவில்லை. யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை தங்களுக்குப் போன் செய்தார். மழையில் சாலை துண்டித்திருக்கிறது, போய்ச்சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும், முதல் வருடப் பிரதர்கள் பரீட்சைக்குமுன் ஊர்போவது விதியில் இல்லை, பூசை வைக்கிறேன் என்றீர்களாம். அது தப்பென்று நான் சொல்லவில்லை.

நாங்கள் துக்கத்துக்கு முற்றத்தில் பாய் விரித்தோம். அக்கம்பக்கத்துப் பெண்கள் இடுப்பில் துணி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். முகம் தெரியாத மனுஷருக்கு எப்படி அழுவது? "உங்கப்பாவப் பத்திச் சொல்லுங்க பிரதர்" என்றார்கள். காதில் விழுந்து பழகிய ஒன்றிரண்டு சொல்லைத் தவிர, அவருக்கு இறந்தகாலம் இன்னும் பாடத்தில் வரவில்லை. பாடத்தில் இருந்ததைச் சொன்னார். "என் அப்பா உயரமா இருக்கார். என் அப்பா சீக்கிரம் எந்திரிக்கிறார். என் அப்பா காப்பி குடிக்கிறார்." பக்கத்து வீட்டு லுதோவீனா, "இருந்தார்னு சொல்லணும்" என்று வாயெடுத்தாள். "இருக்கட்டும் விடு" என்றார் செஃபெரீனு. அதற்குமேல் யாரும் திருத்தவில்லை. பெண்கள் அழுதார்கள். அப்பா காப்பியே குடித்ததில்லை, பாடப்புத்தகத்தில் அப்பாக்கள் காப்பிதான் குடிக்கிறார்கள் என்று பிரதர் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

இப்போது என் புகார். அன்றிலிருந்து இவர் தப்பே விடுவதில்லை. நல்ல முன்னேற்றம் என்று வாத்தியார் மெச்சுகிறார். தெரிந்ததை மட்டும் பேசினால் தப்பு எப்படி வரும்? "நன்றி. போதும். நலமா இருக்கேன்." மூன்றும் சுத்தமான போர்த்துகீஸ், மூன்றாவது மட்டும் பொய். வீடு சாப்பாட்டு நேரத்தில் மருத்துவமனை மாதிரி இருக்கிறது. ஒதேத் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

வருகிற சனிக்கிழமை அங்கே அப்பா கல்லறையில் சிலுவை நடுகிறார்களாம். மூத்த மகன் இவர். "போகணும்னு கேளுங்க பிரதர்" என்றேன். "கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு குடுத்திருக்கேன் அம்மா" என்றார், இலக்கணப் பிழையில்லாமல். நான் அப்படி எதுவும் கொடுக்கவில்லை சாமி, கல்யாணப் பூசையில்கூட அந்த இடம் வந்தபோது இருமிவிட்டேன். ஆகவே அவருக்காக நான் கேட்கிறேன். ஒரு வாரம் விடுங்கள். முடியாதென்றால் அவரை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள், இந்த மௌனத்துக்குச் சமைத்துப்போட என்னால் ஆகாது.

தங்கள் பாதம் தொட்டு ஆசீர் கேட்கும்,
பெல்மீரா.

பின்குறிப்பு: இதை எழுதி முடித்து உறை தேடும்போது செஃபெரீனு வந்தார். மழையில் அடைபட்ட பாலம் திறந்துவிட்டதாம், மலாவிப் பக்கம் மிலாஞ்சே எல்லைக்கு அரிசி லாரி புறப்பட்டதாம். "நீ எழுதிக்கிட்டே இரு, நான் பிள்ளைய ஏத்திவிட்டுட்டேன்" என்கிறார். பிரதர் மாட்டேன் என்றுதான் நின்றாராம். நம்புலாவிலிருந்து சாமியார் அனுமதி வந்தாச்சு என்று என் வீட்டுக்காரர் துணிந்து சொன்ன பிறகே ஏறினாராம். ஆகவே மேலே உள்ள கெஞ்சல், புகார் எல்லாவற்றையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். வேறு வீடும் பார்க்கவேண்டாம். அனுமதியை மட்டும் நேற்றைய தேதி போட்டு உடனே அனுப்பவும். பிள்ளை கீழ்ப்படிந்துதான் போயிருக்கிறது. அது பொய்யாகிவிடக் கூடாது, சாமி.